ரிவியூ சிவப்பு மையோடு திரும்பி வந்தால்

வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜனவரி பிறந்துவிட்டால் என் மேசைக்குப் புத்தகம் கேட்டு வருகிறவர்களைவிட, ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை, அதாவது அதே விஷயத்தில் முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதியை, கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். வணிகவியல் பிள்ளைகள் அதை ஆர்.ஓ.எல். (ரிவியூ ஆஃப் லிட்டரேச்சர்) என்பார்கள். தமிழ்த்துறையில் ஆய்வு முன்னோடிகள். நர்சிங் பிள்ளைகளுக்கு வெறும் ரிவியூ. ஓரத்தில் கைடு சிவப்பு மையில் ஒரு வரி கிறுக்கியிருப்பார். 'மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?' என்பதுதான் முதல் கேள்வி.

பார்த்தவரையில் பழுது பெரும்பாலும் ஒன்றேதான். மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. பிள்ளைகள் பயந்துபோய்ச் சரக்கை மாற்றக் கிளம்புகிறார்கள். பல நேரம் பெயரை மாற்றினாலே போதும், ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தாளில் என்ன கிறுக்கியிருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கை சுடும் காரணம் கடைசியில். எதைச் செய்தாலும் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்: ஐந்து நிமிடச் சோதனை

தலைப்பை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். என்ன பெயர் வைத்தீர்கள் என்பது இப்போது வேண்டாம். என்ன செய்தீர்கள் என்பது மட்டும் போதும்.

எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், என்ன சொல் போட்டுத் தேடினீர்கள் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் உங்களிடம் இருப்பது நெரேட்டிவ் ரிவியூ, படித்ததைத் தொகுத்து விவரித்துச் சொல்கிற வகை. சோதனை இத்துடன் முடிந்தது. அது மட்டமான சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான பிஎச்டி ஆய்வேடுகளின் இரண்டாம் அத்தியாயம் அதுதான்.

எழுதி வைத்திருந்தால் அடுத்தது. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று தேடுவதற்கு முன்பே விதி போட்டீர்களா? தள்ளியவற்றை எண்ணினீர்களா? இல்லை என்றால் அதுவும் நெரேட்டிவ்தான், தேடிய விவரம் சொல்கிற நல்ல நெரேட்டிவ்.

விதியும் கணக்கும் இருந்தால் உங்கள் கேள்வியைப் பாருங்கள். 'இது பலன் தருகிறதா, எவ்வளவு?' என்று ஒரே இடத்தில் குத்துகிற கேள்வி என்றால் சிஸ்டமேடிக். 'இதில் இதுவரை யார் யார் என்ன செய்திருக்கிறார்கள், எந்த மூலையில் யாருமே கை வைக்கவில்லை?' என்று பரந்த கேள்வி என்றால் ஸ்கோபிங். சிஸ்டமேடிக்கில் சேர்த்த ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் எடைபோட்டாக வேண்டும். ஸ்கோபிங்கில் அது கட்டாயமில்லை.

பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து ஒரே மதிப்பு எடுத்திருந்தால் மெட்டா அனாலிசிஸ். நீங்கள் சேர்த்தவை எல்லாம் மற்றவர்கள் செய்த சிஸ்டமேடிக் ரிவியூக்கள் என்றால் அம்ப்ரெல்லா. சோதனை ஆய்வு, நேர்காணல் ஆய்வு, கோட்பாட்டுக் கட்டுரை என்று எல்லா ரகத்தையும் முறைப்படி ஒரே இடத்தில் பார்த்திருந்தால் இன்டெக்ரேட்டிவ், நர்சிங்கில் இது அடிக்கடி வரும். கிராண்ட், பூத் என்ற இருவர் 2009இல் 14 வகைகளை எண்ணிப் பட்டியலிட்டார்கள். பதினான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மேலே சொன்ன ஆறேழு தெரிந்தால் வண்டி ஓடும்.

இப்போது தாளை எடுத்துவிட்டுத் தலைப்பைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் பாதிப் பழுதைப் பிடித்துவிட்டீர்கள்.

## அறிகுறி 1: 'சிஸ்டமேடிக் என்கிறீர்கள், மெத்தட் எங்கே?'

அதிகம் வருவது இதுதான்.

பெயர் மட்டும் தவறு. சிஸ்டமேடிக் என்றால் ஒழுங்காக உட்கார்ந்து படிப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 'நான் முறையாகத்தானே மேடம் படிச்சேன்?' என்று ஒரு பெண் என்னிடம் சண்டைக்கே வந்தாள். படித்தாள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சொல் இங்கே ஒரு செய்முறையின் பெயர். அதே தளத்தில் அதே சொல்லைப் போட்டு வேறொருவர் தேடினாலும் அதே கட்டுரைகள் வந்து சேர வேண்டும், தள்ளியதற்குக் காரணம் தெரிய வேண்டும். ஐந்து நிமிடச் சோதனை உங்களுக்கு முதல் கேள்வியிலேயே முடிந்துவிட்டது என்றால் தலைப்பு, சுருக்கம், நோக்கங்கள், அத்தியாயத் தலைப்பு நான்கிலும் அந்தச் சொல்லைத் தேடி எடுத்துவிடுங்கள். தமிழில் எழுதியிருந்தால் 'முறைசார்' என்ற சொல்லையும் தேடுங்கள், அது எங்காவது ஒளிந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் தலைப்பு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மாற்ற விண்ணப்பம் வேண்டும். சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுப்பதற்கு முன்பே கைடிடம் பேசிவிடுவது நல்லது.

தேடியது உண்மை, குறித்து வைக்கவில்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடல் வரலாறு 8 மணி நேரம் சும்மா விட்டால் அழிந்துவிடும், கணக்குத் தொடங்கிச் சேமித்தவை மட்டுமே நிற்கும். போனதைத் தோண்டி எடுக்க அலைய வேண்டாம். இன்றைய தேதியில் மறுபடி தேடுங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, தளம், போட்ட சொற்கள் அப்படியே, வைத்த வடிகட்டி, வந்த எண்ணிக்கை. முன்பு கிடைக்காத புதுக் கட்டுரை நாலைந்து வரும். அது நஷ்டமில்லை. ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

ஒரே ஆள் சலித்தது. சிஸ்டமேடிக் ரிவியூவில் குறைந்தது இரண்டு பேர், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், கட்டுரைகளைச் சலிக்க வேண்டும், அதாவது எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று பிரிக்க வேண்டும். எம்.எஸ்ஸி. மாணவிக்கு ஆளுக்கு எங்கே போவது? வகுப்புத் தோழி ஒருத்தியை உட்கார வைத்து, அவளுடைய ரிவியூவுக்கு நீங்கள் உட்காருங்கள், மொய் மாதிரி. அதற்கும் வழியில்லை என்றால் ஒரே ஆள்தான் சலித்தது என்று குறைபாடுகள் பகுதியில் எழுதிவிடுங்கள். மறைத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுதான்.

முன்கூட்டியே திட்டம் பதியவில்லை. ப்ராஸ்பெரோ என்ற பதிவேடு 2011இலிருந்து இருக்கிறது. வேலை முடிந்தபிறகு கொண்டுபோனால் அங்கே ஏற்க மாட்டார்கள். பின்தேதியிட்டு ஏதாவது செய்யலாமா என்று கேட்காதீர்கள். ரிவியூவில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் ப்ரிஸ்மா 2020 பட்டியலே 'பதிவு செய்திருந்தால் எண்ணைக் கொடு, இல்லை என்றால் பதியவில்லை என்று சொல்' என்றுதான் கேட்கிறது. ஒரு வரி எழுதினால் போதும்.

எதுவுமே செய்யவில்லை, ஆனால் கைடு சிஸ்டமேடிக்தான் வேண்டும் என்கிறார். இதுதான் கை சுடும் இடம். ப்ராஸ்பெரோவில் பதிவான 195 ரிவியூக்களை எடுத்துக் கணக்குப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. பதிவிலிருந்து வெளியாகும்வரை சராசரியாக 67 வாரம் ஆகியிருக்கிறது. உங்களுக்கு மீதி இருப்பது மூன்று மாதம். அந்த எண்ணைக் கைடிடம் காட்டி, நெரேட்டிவாக இறக்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நான் பார்த்த கைடுகளில் பலர் அந்த எண்ணைக் கேட்டதும் இறங்கி வந்துவிட்டார்கள்.

இல்லை, செய்தே தீர வேண்டும் என்றால் தனியாக இறங்காதீர்கள். மருத்துவத் துறை தேடலில் பழகிய நூலகர் ஒருவரை முதல் நாளே கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதற்குப் பஞ்சம் இருக்கக் கூடாது. சிஸ்டமேடிக் ரிவியூவுக்கு உலகம் முழுக்கப் பெயர்போன கோக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையமே வேலூர் சி.எம்.சி.யில்தான் இயங்கி வந்தது. பாகாயம் பஸ்ஸில் ஏறினால் தெரிந்த ஆள் யாராவது கிடைப்பார்.

## அறிகுறி 2: 'பட்டியல் மாதிரி இருக்கிறது'

இங்கே பெயர் சரி, நெரேட்டிவ்தான். சரக்கு இன்னும் வேகவில்லை.

அத்தியாயத்தைத் திறந்தால் ஒவ்வொரு பத்தியும் ஒரு பெயரிலும் ஓர் ஆண்டிலும் தொடங்கும். 'இன்னார் ஆராய்ந்தார். மாதிரி 200 பேர். சுயஉதவிக் குழுவால் வருமானம் உயர்ந்தது என்று கண்டறிந்தார்.' அடுத்த பத்தி, அடுத்த பெயர். ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

சோதனை சுலபம். நடுவில் உள்ள நாலு பத்திகளை முன்பின்னாக மாற்றிப் போட்டு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால் பட்டியல்தான்.

பத்தி பெயரில் தொடங்குகிறது. கண்டுபிடிப்பை முன்னால் கொண்டுவந்து, பெயர்களை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். பாலாற்றங்கரை டேனரி (தோல் பதனிடும் ஆலை)க் கழிவு பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'இன்னார் வாணியம்பாடியில் ஆராய்ந்தார், இன்னார் ஆம்பூரில் ஆராய்ந்தார்' என்பதற்குப் பதில், 'கிணற்று நீரின் உப்பைப் பற்றி இந்த ஐந்து ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுகின்றன, குரோமியத்தில்தான் பிரிகின்றன, ஒன்று கோடையிலும் மற்றவை மழைக்குப் பிறகும் மாதிரி எடுத்தவை' என்ற போக்கில் எழுத வேண்டும். உங்கள் ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், நான் காட்டியது அச்சு மட்டும். ஆனால் பாருங்கள், இரண்டாவது மாதிரி எழுத அந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்க வேண்டும்.

இந்திய ஆய்வுகள், வெளிநாட்டு ஆய்வுகள் என்று பிரித்திருக்கிறீர்கள். எந்தச் சீனியர் ஆரம்பித்து வைத்த பழக்கமோ தெரியவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பிரிப்பது இமிக்ரேஷன் கவுண்டர் வேலை. விஷயத்துக்குள்ளேயே ஒரு மடிப்பு இருக்கும், அதில் மடியுங்கள். டேனரி விஷயத்தில் 28 ஆகஸ்ட் 1996 அப்படி ஒரு மடிப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன நாள் அது. அதற்கு முன் எடுத்த நீர் மாதிரிகள், பின் எடுத்தவை என்று பிரித்தாலே அத்தியாயத்துக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

அட்டவணை போடவில்லை. ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். கேள்வி, இடம், ஆண்டு, மாதிரி, முறை, முடிவு. கடைசியில் 'எனக்கு ஒப்பாதது' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்வரை எழுத உட்கார வேண்டாம்.

சுருக்கத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள். இதற்கு மெக்கானிக் கிடையாது. முழுக் கட்டுரையைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எழுதி முடித்தபின் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க சான்ரா என்று ஓர் அளவுகோல் 2019இல் வெளியானது, நெரேட்டிவுக்கென்றே செய்தது. ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 12. நீங்களே போட்டுப் பாருங்கள். தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும், மருத்துவ வாடை அடிக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம்.

## அறிகுறி 3: 'ஸ்கோபிங்கா, சிஸ்டமேடிக்கா, முடிவு செய்யுங்கள்'

இரண்டு வண்டியில் கால் வைத்திருக்கிறீர்கள்.

தவறான பட்டியலை இணைத்திருக்கிறீர்கள். சிஸ்டமேடிக்குக்கு உள்ள ப்ரிஸ்மா 2020 பட்டியலில் 27 வரிகள். ஸ்கோபிங்குக்குத் தனியாக 2018இல் வந்த பட்டியலில் 22, அதிலும் இரண்டு விருப்பம்தான். ஸ்கோபிங் செய்துவிட்டு 27 வரியை நிரப்ப உட்கார்ந்தால் பாதிக் கட்டத்தில் பேனா நின்றுவிடும். சரியான பட்டியலை இறக்கி மறுபடி நிரப்புங்கள். அப்புறம், ப்ராஸ்பெரோ ஸ்கோபிங்கை ஏற்பதில்லை, அங்கே திருப்பி அனுப்பினால் மனம் உடைய வேண்டாம். ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் தளத்தில் பதியலாம்.

முடிவுரை எல்லை மீறுகிறது. சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு பற்றி என்னென்ன பயிற்சிகள் நடந்திருக்கின்றன என்று ஸ்கோபிங் செய்திருக்கிறீர்கள். கடைசிப் பத்தியில் 'எனவே இந்தப் பயிற்சி புண் வருவதைக் குறைக்கிறது' என்று எழுதிவிட்டீர்கள். தரத்தை எடைபோடாமல் அப்படிச் சொல்ல முடியாது. 'இத்தனை ஆய்வுகள் இதைத் தொட்டிருக்கின்றன, கிராமத்தில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தவை குறைவு' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பத்தியைத் திருத்தினால் பல நேரம் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி நடுவழியில் மாறிவிட்டது. சிஸ்டமேடிக் கேள்விக்கு நாலு கால்: யாருக்கு, என்ன செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், என்ன விளைவு. ஸ்கோபிங்குக்கு மூன்று: யார், எந்தக் கருத்து, எந்தச் சூழல். உங்கள் கேள்வியை எழுதிக் கால்களை எண்ணுங்கள். ஒப்பீடும் விளைவும் இல்லாமல் சிஸ்டமேடிக் என்று நின்றால் மேசை சாய்ந்துவிடும். இங்கே பெயர் மாற்றம் போதாது, சேர்க்கும் விதிகளையும் திருப்பி எழுத வேண்டிவரும். சலித்ததை மறுபடி சலிக்க வேண்டியிருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் கைடு ஒன்று சொல்லி, டாக்டோரல் கமிட்டியில் இன்னொருவர் வேறு சொன்னால், நடுவில் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு கேள்வியையும் ஒரே தாளில் எழுதி, இருவரும் இருக்கும் கூட்டத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 4: 'எண்கள் கூடவில்லை'

போன வருடம் ஒரு நர்சிங் மாணவி, எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனையைத் தள்ளினாள் என்று பெட்டி பெட்டியாகக் காட்டும் படத்தோடு வந்தாள். எண்களைச் சற்று மாற்றிச் சொல்கிறேன், கணக்கு அதேதான். தளங்களில் கிடைத்தவை 412. இரட்டிப்பு 96. மீதி 316ஐத் தலைப்பும் சுருக்கமும் பார்த்து 268ஐத் தள்ளினாள். 48 மிஞ்சியது. இரண்டின் முழுக் கட்டுரை கிடைக்கவே இல்லை. 46ஐ முழுதாகப் படித்து 31ஐத் தள்ளினாள். படத்தின் கடைசிப் பெட்டியில் 15.

அட்டவணையில் 17 வரிசை.

இரவெல்லாம் கழித்துப் பார்த்து அழுதிருக்கிறாள் போல, கண் வீங்கியிருந்தது. அட்டவணையை நானும் அவளும் விரல் வைத்துக் கீழே இறங்கினோம். 16ஆவது வரிசைக்குத் தளத்தின் பெயர் இல்லை. 'இது எங்கே கிடைச்சது?' என்றேன். இன்னொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் பார்த்து எடுத்ததாம். 17ஆவதும் அப்படியே. சரி, படத்தில் பக்கவாட்டில் 'பிற வழிகள்: 2' என்று ஒரு பெட்டி வேண்டும், அதை விட்டிருக்கிறாள். அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 17ஆவதைப் படிக்கும்போது 9ஆவது வரிசை நினைவுக்கு வந்தது. அதே மருத்துவமனை, அதே ஆண்டு, அதே 120 நோயாளிகள். ஒன்றில் அவர்களுடைய அறிவு, இன்னொன்றில் நடைமுறை. ஓர் ஆய்வை இரண்டு கட்டுரையாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆக 17 கட்டுரை, 16 ஆய்வு. அவள் மொத்த நோயாளிகளைக் கூட்டிய இடத்தில் அந்த 120 இரண்டு முறை ஏறியிருந்தது.

எனவே பார்க்க வேண்டிய வரிசை இது: கூட்டல் கழித்தல், பிறகு கையால் தேடி எடுத்தவை, பிறகு ஒரே ஆய்வின் இரட்டைக் கட்டுரைகள். நாலாவதாக ஒன்று உண்டு. தள்ளிய 31க்கும் காரணம் எழுதி வைக்கவில்லை என்றால் அந்த 31ஐயும் மறுபடி திறக்க வேண்டும். வேறு வழியில்லை.

## அறிகுறி 5: 'முக்கியமான ஆய்வுகள் விடுபட்டிருக்கின்றன'

எந்த வகை ரிவியூவுக்கும் வரும் நோய் இது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அதற்குக் காரணம் மாவட்டங்களைப் பிரித்துப் பெயர் மாற்றிய அரசாணைகள்.

ஊர்ப் பெயர். ராணிப்பேட்டை மாவட்டம் என்று போட்டுத் தேடுகிறீர்கள். அந்த மாவட்டம் பிறந்ததே 2019இல். அதற்கு முன் அது வேலூர் மாவட்டம். அதற்கும் முன் வடஆற்காடு அம்பேத்கர். 1989க்கு முன் திருவண்ணாமலையையும் சேர்த்து வெறும் வடஆற்காடு. 1911க்கு முன்னால் போனால் சித்தூரும் அதற்குள்தான். பசுமைப் புரட்சி பற்றி 1970களில் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழு நம் நெல் கிராமங்களில் வந்து செய்த வேலை எல்லாம் வடஆற்காடு என்ற பெயரில்தான் கிடக்கிறது. வேலூர் என்று தேடினால் கண்ணில் படாது. காலத்துக்கு ஏற்ற எல்லாப் பெயர்களையும் 'அல்லது' போட்டுச் சேர்க்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல். வாணியம்பாடியை ஆங்கிலத்தில் ஒய் போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். குடியாத்தம், வாலாஜாபேட்டைக்கும் இதே கதி. திருப்பத்தூரில் தலைகீழ்ப் பிரச்சினை. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. அந்த ஊர்க் கண்மாய் ஆய்வு ஒன்று நம் மாவட்ட ரிவியூவில் வந்து உட்கார்ந்திருந்ததை ஒருமுறை பார்த்தேன். மூன்று பேர் படித்துக் கையெழுத்துப் போட்ட அத்தியாயம்!

ஒரே இடத்தில் தேடியது. கூகுள் ஸ்காலர் எத்தனை லட்சம் முடிவு என்று சொன்னாலும் ஆயிரத்துக்கு மேல் திறந்து காட்டாது. அது மட்டும் போதாது. ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தைப் பாருங்கள். தமிழ்த்துறை என்றால் இணையத்தை நம்பி உட்காராமல் ஒருநாள் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவன நூலகத்தையும் ரோஜா முத்தையா நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய சிற்றிதழ்க் கட்டுரைகள் எந்தத் தேடுபொறியிலும் விழாது.

கட்டுரை தெரியும், திறக்க முடியவில்லை. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் ஜனவரி 2025இல் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், அரசு நிறுவனங்களுக்கு. நீங்கள் அரசுக் கல்லூரி என்றால் உங்கள் நூலகரைப் போய்ப் பிடியுங்கள், பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சுயநிதிக் கல்லூரி என்றால் கட்டுரையாசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். நான் போட்டவற்றுக்குப் பெரும்பாலும் பதில் வந்திருக்கிறது.

நாலையும் பார்த்தபிறகும் கைடு சொல்லும் கட்டுரை உங்கள் தேடலில் விழவில்லை என்றால் தேடல் சொற்களே பழுது. அப்போது நூலகரிடம் வாருங்கள். கைடு சொன்ன இரண்டு மூன்று கட்டுரைகளைக் கையோடு கொண்டு வாருங்கள். அவற்றில் என்ன சொல் இருக்கிறது, உங்களிடம் என்ன இல்லை என்று அங்கிருந்துதான் பிடிக்க முடியும்.

## அறிகுறி 6: 'ஐ ஸ்கொயர் 90 தாண்டுகிறது, எப்படிச் சேர்த்தீர்கள்?'

மெட்டா அனாலிசிஸ் ஆட்களுக்கு. ஐ ஸ்கொயர் என்பது ஆய்வுகளின் முடிவுகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சதவீதத்தில் சொல்லும் எண். கோக்ரேன் கையேட்டின்படி 75க்கு மேல் போனால் ஆய்வுகளுக்குள் வேறுபாடு கணிசம் என்று பொருள். முதலில் எண்களை ஏற்றியதில் பிழை இருக்கிறதா பாருங்கள். திட்டவிலக்கம் (எஸ்.டி.) கேட்ட கட்டத்தில் திட்டப்பிழையை (எஸ்.இ.) போட்டிருப்பீர்கள், இது சர்வசாதாரணம். அது இல்லை என்றால் ஒரே பானையில் போடக் கூடாதவற்றைப் போட்டிருக்கலாம். ஐ.சி.யு. நோயாளிகளையும் புறநோயாளிகளையும் ஒன்றாகக் கூட்டியிருக்கிறீர்களா? பிரித்துப் போடுங்கள். எதுவும் சரிவரவில்லை என்றால் எண்களைக் கூட்டாமல் சிஸ்டமேடிக் ரிவியூவாகவே நிறுத்திக்கொள்ளலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. இதற்கு மேல் நான் கை வைப்பதில்லை. புள்ளியியல் ஆளிடம் போங்கள், மென்பொருள் பொத்தானை மாற்றி மாற்றி அமுக்கி எண்ணைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

## அறிகுறி 7: ஒப்புமை (சிமிலாரிட்டி) 10 சதவீதம் தாண்டிவிட்டது

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 தாண்டி 60 வரை, ஓராண்டுக்குத் திருத்திய பிரதியே கொடுக்க முடியாது. 60க்கு மேல் பதிவு ரத்து.

பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் வரிகளை நிறமிட்டுக் காட்டும் மென்பொருள் அறிக்கையைத் திறந்து எந்த நிறம் எங்கே என்று முதலில் பாருங்கள். மேற்கோள் பட்டியலையும் முறைப்படி காட்டிய மேற்கோள்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா? விதிப்படி அவை விலக்கு. அதை நீக்கி மறுபடி ஓட்டச் சொன்னாலே எண் இறங்கும். அதன்பிறகும் இறங்கவில்லை, நிறம் முழுக்க இரண்டாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது என்றால் நீங்கள் அறிகுறி 2க்குப் போக வேண்டியவர். சுருக்கங்களை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டு ஏமாற்றுவது வேலைக்கு ஆகாது. 'ஆய்வு' என்பதை 'ஆராய்ச்சி' ஆக்கியே ஒரு பையன் நாற்பது பக்கம் மாற்றினான், படிக்க முடியாத தமிழ் ஒன்று பிறந்ததுதான் மிச்சம்.

## அறிகுறி 8: 'இந்தக் கட்டுரையே இல்லையே?'

இந்த இரண்டு மூன்று வருடமாகப் புதிதாக வரும் நோய். டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) போட்டால் ஒன்றும் வராது, அல்லது மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரை வரும்.

எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கலாம். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எண்ணைத் திருத்துங்கள், முடிந்தது. கிடைக்கவில்லை என்றால் இதழின் தளத்துக்குப் போய் அந்த ஆண்டு, அந்தத் தொகுதி, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வேறு கட்டுரை இருந்தால் உங்கள் மேற்கோளை ஏதோ ஒரு ஏ.ஐ. சாட்பாட் கற்பனை செய்து கொடுத்திருக்கிறது. ஒன்று அப்படி இருந்தால் மற்றவற்றையும் நம்ப முடியாது. முழுப் பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். 120 மேற்கோள் என்றால் இரண்டு நாள் உட்கார வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு நாளில் மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருளில் ஏற்றிக்கொண்டே போங்கள், இலவசம்தான். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருந்தால் அதுவே சிவப்புப் பட்டை காட்டும். இல்லாத மேற்கோளை எடுக்கும்போது அதை நம்பி எழுதிய வாக்கியத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பெயரை அடித்துவிட்டு வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள், அடுத்த சுற்றில் கைடு 'ஆதாரம்?' என்று அதே இடத்தில் வட்டம் போடுகிறார்.

இதில் வெளியாள் உதவி தேவையில்லை. ஆனால் சமர்ப்பித்துவிட்ட ஆய்வேட்டில் கண்டுபிடித்தால் தனியாக மறைக்கப் பார்க்காமல் அன்றே கைடிடம் சொல்லிவிடுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் பி.டி.எஃப். கொண்டு வர வேண்டாம், வேர்ட் கோப்பாகக் கொண்டு வாருங்கள். சிவப்பு மை போட்ட அந்தத் தாளையும் மறக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும்.